ஐந்து வாட் தூரம்

என் வீட்டுக்காரர் பஞ்சநாதன் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷர். காம்பைக் கிள்ளிப் பார்ப்பார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கடைக்காரன் வாய்க்குள்ளே திட்டுவது காதில் விழுந்தாலும் சட்டை செய்ய மாட்டார். கடைசியில் வீட்டுக்குக் கொண்டு வருவது சொத்தையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டரைத் தேர்ந்தெடுக்கிற வேலையை நான் விட வேண்டியதாயிற்று. வேறு யாரிடம் விடுவது? நான் படுக்கையில் கிடந்தேன்.

படுக்கை என்றால் காச ஆஸ்பத்திரிப் படுக்கை. மில்லில் எனக்கு நூல் சுற்றுகிற வேலை. இருமல் வந்தது, பஞ்சுத் தூசி என்றார்கள். உடம்பு இளைத்தது, திருஷ்டி என்றார்கள். ஒரு நாள் சுற்றிக்கொண்டிருந்த நூலிலேயே சிவப்பாகத் தெறித்தது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை, எட்ட நின்றுகொண்டார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு என்னை ஊருக்கு மேற்கே இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அப்போது என் மகள் கமலவேணிக்கு நாலு வயசு. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். நோய் ஒட்டிக்கொள்ளும், அதனால் சட்டம். நியாயமான சட்டம்தான். நியாயமாக இருந்தால் வலிக்காதா? மற்றப் பெண்கள் புருஷனை நினைத்து அழுவார்கள், வீட்டை நினைத்து அழுவார்கள். எனக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. கீச்சென்று ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து சொல்லுகிற குரல். சாப்பிடும்போது கேட்கிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் வீராயி எச்சில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வார்டில் ஒரு ரேடியோ இருந்தது. இங்கே படுத்திருந்து பிழைத்துப் போன யாரோ ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளை வாங்கிக் கொடுத்தது. எங்களைக் கவனித்துக்கொண்ட கன்னிகாஸ்திரீயை எல்லாரும் மாசேர் என்று கூப்பிடுவோம். அந்த மாசேர்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ரேடியோ வைப்பார். ஒரு நாள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு யோசனை வந்தது.

என் வீட்டுக்காரர் மில்லில் ஒயர்மேன். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து, ஒரே வால்வில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். அதில் கிராமபோன் தட்டு வைத்தால் பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு வானொலி நடத்துவார். தெருவில் ரேடியோ இருந்ததே அஞ்சு வீட்டில். அந்த அஞ்சு வீட்டுக்கும் குரலை மாற்றிக்கொண்டு வணக்கம் சொல்லுவார். நான் உள்ளே தோசை வார்த்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வேன்.

பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, உங்க பொட்டில பாப்பாவப் பேச வைங்களேன். இந்த ரேடியோல நான் கேக்கறேன். ஒரே ஒரு தடவ போதும்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி பூரித்துப் போனார். இத்தனை வருஷம் வெட்டி வேலை என்று நான் திட்டிய காரியத்தை இப்போது நானே வாய்விட்டுக் கேட்கிறேன் அல்லவா.

"செய்றேன் செல்வா. நீ பாரு, பக்கத்துல ஒக்காந்து பேசற மாரி கேக்கும்" என்றார்.

அன்றைக்கே பேச வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலில் கையில் இருந்த பெட்டியை வைத்தே பார்த்தார். மாசேரிடம் கெஞ்சி நான் ரேடியோ முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்தினேன். மெட்ராஸ் வந்தது, திருச்சி வந்தது, என் புருஷன் வரவில்லை. அடுத்த வாரம் வந்தவர் மோவாயைத் தடவினார்.

"அது தெருக்கோடி பிள்ளையார் கோயிலத் தாண்டாதுடி. இங்க வர்றதுக்கு நேர்க்கோட்டுல ரெண்டு மைல் இருக்கும். வேற மெஷின்தான் பாக்கணும்."

பார்க்க ஆரம்பித்தார். தை போயிற்று, மாசி போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் ஆரஞ்சுப் பழத்தோடு வருவார், உட்காருவார், மெஷின் புராணம் ஆரம்பிக்கும்.

அவருக்கு அரிகிருஷ்ணன் என்று ஒரு சிநேகிதர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வயர்லெஸ் பார்த்து, பென்ஷனோடு திரும்பிய சொல்தா. ரேடியோவைப் போஸ்த்து என்றுதான் சொல்லுவார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் யுத்தத்தில் அமெரிக்காக்காரன் விட்டுப் போன டிரான்ஸ்மிட்டர் ஒன்று கிடக்கிறது, அதை வாங்கு, கடலூரைத் தாண்டிக் கேட்கும் என்று அவர் ஒரே பிடியாக நின்றாராம்.

"வாங்கிடுங்களேன்" என்றேன் நான்.

"உனக்குத் தெரியாது. சக்தி கூடினா தூரம் போவும், வாஸ்தவம். கூடவே போலீசும் வரும். எங்கருந்து பேசறான்னு மோப்பம் புடிக்க மெஷின் வெச்சிருக்கான். அப்பறம் நான் ஜெயில்ல, நீ இங்க."

இந்தச் சட்டப் பயம் வந்தது ஒரு கூத்து. ரேடியோ கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டும், பேசுவதற்கு வேண்டாமா என்று முறைப்படி கேட்க ஓர் ஆபீசுக்குப் போனார். இந்தியப் பிரஜைக்குத்தான் கொடுப்போம், புதுச்சேரி இன்னும் எழுத்துப்படி கைமாறவில்லை, காகிதத்தில் நீ பிரெஞ்சுப் பிரஜை என்று அங்கே ஒருவன் சொன்னானாம். சரி என்று வெள்ளைக்காரத் தெருவில் பிரெஞ்சு ஆபீசுக்குப் போனால், நாங்கள் ஆட்சியை விட்டு நாலு வருஷம் ஆகிறது, எங்களைக் கேட்காதே என்றார்களாம். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால். ஊர் முழுக்க அப்படித்தான் நின்றது. ஆனால் ஊரில் மற்றவர்கள் அவரவர் பாட்டுக்குக் கல்யாணம் செய்தார்கள், வீடு கட்டினார்கள். இவர் ஒருவர்தான் உத்தரவுக்குக் காத்திருந்தார். அதில் பங்குனி போயிற்று.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்பேன்.

"நல்லாருக்கா. இப்ப பாரு, விஷயம் என்னான்னா..." என்று மறுபடி மெஷினுக்குப் போய்விடுவார்.

நல்லாருக்கா. இந்த ஒரே வார்த்தைதான். சாப்பிடுகிறாளா, இளைத்தாளா, என்னைக் கேட்கிறாளா, ஒன்றும் கிடையாது. என் நாத்தனார் பூவாயி பார்த்துக்கொள்கிறாள் என்பது தெரியும். அவருக்கு அக்காள். பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டில் தள்ளிவைத்து, எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். கைச்சுத்தம், வாய்ச்சுத்தம். குழந்தையைப் பட்டினி போட மாட்டாள். அந்த மட்டில் எனக்கு நிம்மதி இருந்தது.

சித்திரையில் ஒரு வழி பிறந்தது. கப்பலேறப் போகிற ஒரு பிரெஞ்சுக்கார முசியே தன் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அதில் பொழுதுபோக்குக்காக அவர் வைத்திருந்த சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் இருந்தது. இரண்டே வால்வு. அஞ்சு வாட். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் எரிகிற குட்டி பல்ப்பு அளவு சக்தி என்று எனக்கு விளங்கச் சொன்னார்.

"குட்டி பல்ப்பு இங்க வரைக்கும் தெரியுமா?" என்றேன்.

"உசரத்துல வெச்சா தெரியும். நீளமா ஏரியல் கட்டி, பூமிக்கு நல்லா ஒயர் எறக்கினா அஞ்சு வாட்டு ரெண்டு மைல் வரும். அதுக்கு மேல போவாது. போவாததுதான் நல்லது, எவனுக்கும் தெரியாது. அதோட இதுல கிரிஸ்டல் வெச்சிருக்கான். மத்த மெஷின் மாரி எடம் மாறி அலையாது, ஒரே எடத்துல நிக்கும். திருச்சிக்கும் மெட்ராசுக்கும் நடுவுல காலியா ஒரு எடம் இருக்கு பாரு, அங்க ஒக்காந்துக்கும்."

"அப்ப வாங்கிட்டீங்களா?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஆரஞ்சை விட்டு எறிந்தேன். அது வீராயி கட்டிலுக்கடியில் உருண்டு போயிற்று. வீராயி குப்பத்துக்காரி, மீன்கூடை சுமந்தவள், நாக்கில் நரம்பு கிடையாது. "ஏன் ஐயா, நீ மெசினு பாக்கறதுக்குள்ள உம் பொண்ணுக்கு மாப்பிள பாக்கற வயசாயிடும் போலக்கிது" என்றாள். வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வாரம் வாங்கிவிட்டார்.

வாங்கியதும் முடிந்ததா? யானை வாங்கினவன் அங்குசத்துக்கு நின்ற மாதிரி ஏரியலுக்கு நின்றார். எங்கள் கூரையிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னைக்குக் கம்பி இழுத்தார். தென்னைக்காரர் இடி விழும் என்றார். அவரைச் சமாதானப்படுத்த வைகாசி. பூமிக்கு இறக்குகிற கம்பியைக் கிணற்றுக்குள் விட்டதும் கிணறு கெட்டுவிட்டது என்று தெருவே சண்டைக்கு வந்தது. அதற்கு ஆனி. ராத்திரியில் எட்ட இருக்கிற நிலையமெல்லாம் மேலே வந்து விழும், பகல்தான் சரி என்று கண்டுபிடித்தார். கடைசியில் மைக்.

மைக்குக்கு மட்டும் மூன்று ஞாயிறு பேசினார். கார்பன் மைக் என்று ஒன்று, டெலிபோனில் இருப்பது. வாயை ஒட்டி வைத்துப் பேசினால்தான் எடுக்கும், குரல் கரகரக்கும். இன்னொன்று கிரிஸ்டல் மைக். அறையில் குண்டூசி விழுந்தாலும் எடுத்துவிடும்.

"குழந்த இல்லியா, மைக்கு எதிர ஒழுங்கா நிக்காது. அதான் கிரிஸ்டலே வாங்கிட்டேன். அவ எங்க நின்னு பேசினாலும் உனக்குக் கேக்கும்" என்றார்.

அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோயிற்று. இந்த மனுஷனைப் போய் எத்தனை பேச்சு பேசினோம் என்று தோன்றியது. ஊசி போட்டுப் போட்டு மரத்துப்போன இடுப்போடு எழுந்து உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆடி மாதத்து முதல் ஞாயிறு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மாசேர் ரேடியோவைத் திறந்தார். வார்டில் நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். முடியாதவர்கள் கட்டிலிலேயே இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். நான் தலை வாரி, பொட்டு வைத்து, பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பொட்டு வைத்துக்கொண்டேன்.

முள்ளை அவர் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோனதும் நாதஸ்வரத் தட்டு ஒன்று கேட்டது. கணீரென்று இருந்தது. பிறகு அவர் குரல், அந்த மாற்றிக்கொண்ட குரல்.

"வணக்கம். முத்தியால்பேட்டை சிறு வானொலி. அடுத்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் நேயருக்காகப் பிச்சம்மா பேசுவாள்."

"யாருடி பிச்சம்மா?" என்றாள் வீராயி.

எனக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையாவது முதலில் விட்டுப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். ஏதோ பாய் இழுக்கிற சத்தம், வளையல் சத்தம். அப்புறம் அந்தக் குரல்.

"அம்மா, இதுலயா பேசணும்?"

கீச்சென்று ஆரம்பிக்கிற அதே குரல். என் கமலவேணி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், "ஆமாண்டி கண்ணு, அதுலதான்" என்று நான் பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். நான் சொல்லி வாய் மூடவில்லை, பெட்டிக்குள்ளிருந்து பூவாயி குரல் சொன்னது, "ஆமாண்டி செல்லம். கிட்டப் போய்ப் பேசு."

"நீயும் வாம்மா."

"இங்கதான இருக்கேன். சொல்லிக் குடுத்தேன்ல, சொல்லு."

"ஆஸ்பத்திரி அத்த, நல்லாருக்கீங்களா? நல்லா மருந்து சாப்புடுங்க. நான் சமத்தா இருக்கறேன்." நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். "ஆஸ்பத்திரி அத்த, நல்லாருக்கீங்களா? போதுமாம்மா? இடுப்புல தூக்கிக்கம்மா."

அவளுக்கு நீ. எனக்கு நீங்க. மரியாதை வேறு.

கிரிஸ்டல் மைக் ஒன்றையும் விடவில்லை. பூவாயி அவளைத் தூக்குகிற முனகல்கூடக் கேட்டது.

எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில், நோய் நொடி வந்த வீட்டில், குழந்தையைத் தவிட்டுக்கு விற்பார்கள். வேறொருத்தி ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பிச்சை, குப்பை என்று ஒரு பேர் வைப்பார்கள். பெற்றவளை முறை மாற்றிக் கூப்பிடச் சொல்லுவார்கள். இவள் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று பீடை ஏமாந்து போய்விடுமாம். ஆனால் அதெல்லாம் பெற்றவள் எதிரே நடக்கிற காரியம். தவிடு அவள் கையில்தான் விழும். காலையில் விற்ற பிள்ளை மத்தியானம் சோற்றுக்கு அவளிடமே ஓடி வரும். பேருக்கு விற்பார்கள், நிஜத்துக்கு விட மாட்டார்கள். நான் இங்கே கிடக்க, என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் விற்றிருக்கிறார்கள்.

"ஏய், நான்தாண்டி உங்கம்மா" என்று கத்தினேன். "கமலவேணி, நான்தாண்டி."

பெட்டி எங்கே கேட்கும்? அடுத்த தட்டு வைத்தார் அவர். ஆறு மாதம் ஏரியல் பார்த்தார், வால்வு பார்த்தார், மைக் பார்த்தார். கேட்கிறவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வழி இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது, கோப்பை நிறைந்தது. மாசேர் ரேடியோவை மூடிவிட்டு என்னைப் படுக்க வைத்தார். "படுபாவிங்க" என்று வீராயி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் பார்க்கிற நேரத்துக்கு அவர் வந்தார். கையில் பழம், முகமெல்லாம் பல்.

"எப்பிடி இருந்துது? இரைச்சல் கிரைச்சல் இருந்துதா?"

"ஒரு எழுத்து சிந்தல" என்றேன். "பிச்சம்மா யாருங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. பழத்தைக் கட்டில்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"மாசி மாசம் குழந்தைக்கு இருமலும் காய்ச்சலுமா வந்துட்டுது. அக்கா பயந்துட்டா. உன் நோவு தொடந்து வந்துட்டுதுன்னு. சும்மா பேருக்குத்தான் செல்வா, ஒரு சாங்கியம்."

"எம் பொண்ணுக்குக் காய்ச்சல்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கஷ்டப்படுவ."

"தவிட்ட யார் கையில வாங்கினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நான்தான் வாங்கினேன்."

"சொமந்தவ நானு. வித்தவரு நீங்க. அந்தத் தவிட்ட என்னா பண்ணீங்க?"

"மாட்டுக்கு வெச்சிட்டம்."

பக்கத்துக் கட்டிலில் வீராயி காறித் துப்பினாள். கோப்பையில்தான் துப்பினாள், ஆனால் அவரைப் பார்த்துத் துப்பினாள்.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னா அந்தக் கார்பன் மைக்கையே வாங்கியிருக்கலாமே" என்றேன். "குண்டூசி விழுந்தா கேக்கற மைக்கு என்னாத்துக்கு?"

"அவ தனியாப் பேச மாட்டேன்னு அடம் புடிச்சா. அக்கா பக்கத்துல இருந்தாத்தான்னா. அவ குரல் கேக்கணும்னு நீதான கேட்ட, நான் என்னா பண்ணட்டும்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றுக்கொன்று சேர்ந்தது. வாரா வாரம் என் எதிரே உட்கார்ந்து வால்வு, வாட், கிரிஸ்டல் என்று மூச்சுவிடாமல் பேசினாரே, அதில் பாதி மெஷின்மேல் ஆசை. மீதிப் பாதி, நான் குழந்தையைப் பற்றிக் கேட்டுவிடாமல் இருக்க. கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறுகிறவர், என் பிள்ளையைக் கொடுக்கிற காரியத்தில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

"எப்ப திருப்பி வாங்கப் போறீங்க?"

"உனக்கு நல்லாவட்டும்."

"டாக்டரு இன்னும் ஒரு வருஷம்ங்கிறாரு."

"அக்கா சொல்றா... ஏழு வயசு தாண்டட்டும், அதுதான் மொறைன்னு." குரல் இறங்கிப்போயிற்று. "குழந்த அவகிட்ட ஒட்டிக்கிச்சு செல்வா. காய்ச்சல் வந்தப்ப மடியவிட்டு எறக்காம பாத்துக்கிட்டா. அவளும் எங்க போவா?"

பூவாயி பாசத்தில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதுதான் என் வயிற்றெரிச்சலே. அவள் கொடுமைக்காரியாக இருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். ஏழு வயசு என்றால் இன்னும் மூன்று வருஷம். மூன்று வருஷம் அம்மா என்று கூப்பிட்ட பிறகு எந்தப் பிள்ளை வாயை மாற்றிக்கொள்ளும்?

அவர் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் வார்டு ரேடியோவைப் பார்த்தார்.

"அந்த செட்டுக்குப் பின்னால ஒரு கம்பி கட்டினா இன்னும் கொஞ்சம்..."

"எழுந்து போங்க" என்றேன். "இனிமே பொட்டியும் வேணாம், பேச்சும் வேணாம். பாத்து வெச்ச மெஷின ஒடச்சிக் கெணத்துல போடுங்க."

போய்விட்டார். பழத்தை வீராயி வார்டுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தாள். நான் தொடவில்லை.

அந்த வாரம் எனக்கு எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் அவரையும் பூவாயியையும் மனசார மண்ணை வாரித் தூற்றினேன். புதன்கிழமை ஊசிக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு பயம் பிடித்தது. என் பேச்சைக் கேட்டு நிஜமாகவே நிறுத்திவிட்டால்? இந்த மனுஷன் என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது பார்த்துக் கேட்டுத் தொலைத்தால்? ஆறு மாதம் அந்தக் குரல் இல்லாமல் இருந்தேன். கேட்டதற்குப் பிறகு ஆறு நாள் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாசேர் ரேடியோ பக்கமே போகவில்லை. பெண்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அவரவர் கட்டிலில் கிடந்தார்கள். நான் எழுந்ததும் வீராயி பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"வேணாண்டி. அதுங்க பேசறதக் கேட்டு உன் ஈரக்கொலைய நீயே அறுத்துக்காத. போயிப் படு."

"தள்ளுங்க அக்கா."

"அத்தன்னு கூப்புடுதுடி அது உன்ன. பெத்த பொண்ணு. உனக்கு ரோசம் இல்ல?"

"இல்ல" என்றேன். "தள்ளுங்க."

அவளைப் பிடித்துத் தள்ளியே விட்டேன். அவளும் நோயாளிதான், சரிந்துபோய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோவைத் திறந்தேன். வால்வு சூடேறுகிற வரைக்கும் ஒன்றும் இல்லை. திருச்சிக்கும் மெட்ராசுக்கும் நடுவில் முள்ளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒன்றும் இல்லை, வெறும் காற்று. நிறுத்தித்தான் விட்டார் என்று காதைப் பெட்டியோடு வைத்து ஒட்டிக்கொண்டேன். பெட்டி சுட்டது. எனக்கு ரோசம் இல்லை, மானம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எவளை வேண்டுமானாலும் அம்மா என்று கூப்பிடட்டும், அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

தட்டு எதுவும் இல்லை, வணக்கமும் இல்லை. திடீரென்று வளையல் சத்தம் கேட்டது. பூவாயி ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு கீச்சென்று வந்தது.

"ஆஸ்பத்திரி அத்த, மருந்து சாப்டீங்களா?"

"சாப்ட்டேன் கண்ணு" என்றேன் நான். "அத்த சாப்ட்டேன்."